செல்வி சித்தி வைத்த வசம்பு

ப்ரசன்னாவை யாரும் கொல்லவில்லை என்பது அவன் செத்து எட்டு வருஷம் கழித்துத்தான் அம்பிகாவுக்குத் தெரிந்தது. கொன்றவள் என்று பெயர் வாங்கியவள் அதற்குள் அந்தப் பெயரோடு வாழப் பழகியிருந்தாள்.

அவள் செல்வி. அம்பிகாவின் அம்மாவுக்குத் தங்கை, அம்பிகாவின் புருஷன் குணாவுக்கு அக்கா. குணா அம்பிகாவுக்குத் தாய்மாமன், அக்கா மகளையே கட்டிக்கொண்டவன். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து டெல்லி ஜங்க்புராவில் சாக்கடை நாலா ஓரம் குடிசை போட்டவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. மதராசி கேம்ப் என்ற அந்தக் குடியிருப்பில் பாதி வீடுகள் அப்படித்தான்.

சித்தி என்றாலும் செல்வி எட்டு வயதுதான் மூத்தவள். இருவரும் காலையில் ஒன்றாகக் கிளம்பிப் பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கப் போவார்கள். செல்விக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. ப்ரசன்னா பிறந்ததும் அவனைக் குளிப்பாட்டுகிற வேலையை யாரும் சொல்லாமலே அவள் எடுத்துக்கொண்டாள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, துடைத்து, வசம்பைச் சுட்டுத் தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் ஒரு துளி வைப்பாள். அம்பிகா இரண்டே மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். செல்வி தன் வேலையை விட்டுவிட்டாள்; பிள்ளை பகலெல்லாம் அவளிடம் இருந்தது.

மூன்று மாதம் நிறைகிற சமயத்தில் குழந்தையின் வாயைச் சுற்றிச் சிவந்து தோல் உரிந்தது. பிறகு கண்ணோரம், பிறகு தொடை இடுக்கு. தலைமுடி கொட்டியது. கேம்ப் முனையில் ஊசி போடுகிறவர் ஒரு களிம்பு கொடுத்தார். பத்து நாளில் வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே ஓர் இளம் டாக்டர் ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார். "ரத்தத்துல ஆசிட் இவ்வளவு ஏறியிருக்கே, குழந்தைக்கு என்ன குடுத்தீங்க? எண்ணெய், நாட்டு மருந்து, வேற ஏதாவது?"

"நான் ஒண்ணும் குடுக்கல சார். எங்க சித்திதான் தினம் ஒரு வேரை உரைச்சு வைப்பாங்க."

"என்ன வேர்?"

வசம்புக்கு இந்தியில் என்ன சொல்வதென்று அம்பிகாவுக்குத் தெரியவில்லை. கல்லில் உரைக்கிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினாள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக ஒரு மூச்சு விட்டு எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டது.

அவர் கேட்டது வெறும் கேள்விதான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கேம்ப் வந்து சேர்வதற்குள் அது தீர்ப்பாகிவிட்டது. ஆட்டோவிலேயே குணாவிடம் அம்பிகா சொல்லிவிட்டாள், "டாக்டரே சொல்லிட்டார் மாமா. சித்தி குடுத்ததுதான்."

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் செல்வியின் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினாள். "எம்புள்ளைக்கு என்னாத்தக் குடுத்துக் கொன்ன? உனக்குப் பொறக்கலன்னா எனக்கும் இருக்கக் கூடாதா?"

சந்து நிறைய ஜனம். செல்வி உள்ளேயிருந்து வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"வசம்புதான்டி வச்சேன். உனக்கும் அதத்தான் வச்சாங்க. நான் தூக்கி வளத்த புள்ளடி நீ."

அதை யாரும் காதில் வாங்கவில்லை. பிள்ளையில்லாதவள் கை என்றார்கள். வயிற்றெரிச்சல் என்றார்கள். நேற்றுவரை அவளிடம் பிள்ளையை விட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்கு ஓடியவர்கள், அவள் நடந்து வந்தால் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். குணா தன் அக்காவோடு பேச்சை நிறுத்தினான். அம்பிகா அத்தோடு நிற்கவில்லை. அந்தச் சமயம் நிஜாமுதீன் பக்கம் ஒரு வீட்டில் ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் செல்வியைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்பிகா அந்த வீட்டுக்கே போய், மேம்சாபிடம் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். அன்றைக்கு மனசு கொஞ்சம் ஆறின மாதிரி இருந்தது.

செல்வியின் புருஷன் ஜோதிலிங்கம் பெயிண்ட் அடிக்கிறவன். ஒன்றரை வருஷம் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஊருக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். செல்வி ஒரு நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யமுனைக்கு அந்தப் பக்கம் திரிலோக்புரிக்குப் போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

அம்பிகா அதற்குப் பிறகு பல வருஷம் பிள்ளையே வேண்டாம் என்றிருந்தாள். 2025 மார்ச்சில் மதுமதி பிறந்தாள். இந்தப் பிள்ளையை அம்பிகா ஒருத்தரையும் தொட விடவில்லை. எண்ணெய் இல்லை, சாம்பிராணி இல்லை, வசம்பு என்ற பேச்சே இல்லை. பெற்ற அம்மா ஊரிலிருந்து வந்து குளிப்பாட்டுகிறேன் என்றபோதுகூட, "நீ சோறு மட்டும் ஆக்கு, போதும்" என்றாள். வேலையையும் விட்டுவிட்டாள். பிள்ளை அவள் மடியை விட்டு இறங்கவேயில்லை.

ஜூன் முதல் தேதி புல்டோசர் வந்தது. கேம்ப் ஒரே நாளில் மண்மேடாகிவிட்டது. அரசாங்கப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு நரேலாவில் வீடு. இல்லாதவர்கள் திக்குத் திக்காகப் போனார்கள், சிலர் ஊருக்கே திரும்பினார்கள். குணாவின் பெயர் இருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பூட்டியே கிடந்த கட்டடத்தில் இரண்டாம் மாடி.

அங்கே போன பதினைந்தாம் நாள் மதுமதியின் வாயைச் சுற்றிச் சிவந்தது.

"இடிச்ச தூசு ஒத்துக்கல" என்றான் குணா. பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள்.  அந்தச் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே போகும் என்று அம்பிகாவுக்குத் தெரியும். கண்ணோரம் போயிற்று. தொடை இடுக்குக்குப் போயிற்று. தலைமுடி தலையணையில் ஒட்டிக்கொண்டு வந்தது. யாரும் தொடாத பிள்ளை. அப்படியானால் அன்றைக்கு நடந்தது என்ன? அந்தக் கேள்வி வந்ததும் அம்பிகா சட்டென்று எழுந்து துணி துவைக்கப் போய்விடுவாள்.

நரேலா டிஸ்பென்சரியில் படை என்று களிம்பு கொடுத்தார்கள். வலிப்பு வந்த பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் வலிப்பு மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினார்கள். வலிப்பு நிற்கவில்லை. கடைசியில் ஆகஸ்டில், இரண்டு பஸ் மாறி, நகரத்துக்குள் இருக்கிற வேறொரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கிடத்தினாள். அங்கே நரைத்த தலையோடு ஒரு லேடி டாக்டர் குழந்தையின் வாயைப் பார்த்தார், தலையைத் தடவிப் பார்த்தார், ரத்தச் சீட்டைப் பார்த்தார். பிறகு அம்பிகாவிடம் கேட்டார்.

"நீயும் உன் வீட்டுக்காரரும் சொந்தமா?"

"மாமா, மேடம். அம்மாவோட தம்பி."

"இதுக்கு முன்னாடி குழந்தை ஏதாவது?"

அம்பிகா பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தாள். ப்ரசன்னாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு. கேம்ப் இடிந்தபோது கட்டிலை விட்டுவிட்டு வந்தவள் இதை விடவில்லை. செல்வி செய்ததற்கு இதுதான் சாட்சி என்று இத்தனை வருஷம் பத்திரப்படுத்தியிருந்தாள். டாக்டர் படித்து முடித்தார். நர்ஸைக் கூப்பிட்டு, "சோதனைக்கு ரத்தம் எடு. ரிசல்டுக்குக் காத்திருக்க வேண்டாம், பயோட்டின் இப்பவே ஆரம்பி" என்றார்.

அது ஒரு வைட்டமின். மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து தினம் ஒரு வேளை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் வலிப்பு நின்றது. பத்து நாளில் வாயைச் சுற்றிப் புதுத் தோல் வந்துவிட்டது. மூன்றாம் வாரம் தலையில் பூனைமுடி மாதிரி கறுப்பாக முளைத்தது. வார்டில் இருந்தவர்கள் அதிசயமாக வந்து பார்த்தார்கள். அம்பிகா பிள்ளையின் தலையைத் தடவித் தடவி அழுதாள். காது டெஸ்ட் அதற்கப்புறம்தான் எடுத்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. அது இனித் திரும்பாது என்றார்கள். தோல் சிவந்த வாரமே இந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் காது தப்பித்திருக்கும் என்றும் சொன்னார்கள்.

ரத்தச் சோதனையிலேயே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. என்றாலும் ஜீனையும் படித்து உறுதி செய்ய வேண்டும் என்று மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வர ஆறு வாரம் ஆயிற்று. அதைப் புரியவைக்கிற வேலை மஹாலட்சுமி என்ற பெண்ணுடையது. டெல்லியிலேயே, கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். ரத்தம் எடுத்த அன்று அவள் ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்திருந்தாள். அம்மா கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டபோது அம்பிகா, "ஒரே தம்பி. இவருதான்" என்று குணாவைக் காட்டினாள். குணாவும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அக்டோபர். குணாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்பிகா மட்டும் பிள்ளையோடு போனாள்.

"நாம சாப்பிடற சாப்பாட்டுல இந்த வைட்டமின் கொஞ்சம்தான் இருக்கு" என்றாள் மஹாலட்சுமி. "உடம்பு அதை ஒரு தடவை யூஸ் பண்ணிட்டு, திரும்ப எடுத்து மறுபடி யூஸ் பண்ணும். அப்படித் திரும்ப எடுக்கறதுக்கு ஒரு ஜீன் வேணும். உங்ககிட்ட அது ஒண்ணு சரியா இருக்கு, ஒண்ணு தப்பா இருக்கு. உங்க ஹஸ்பண்டுக்கும் அதே தப்பு. உங்க தாத்தா பாட்டி, அதாவது அவரோட அப்பா அம்மாகிட்டேர்ந்து வந்தது. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா குழந்தைக்கு ரெண்டு பேரோட தப்பும் சேந்து வந்துடுச்சு. நாலுல ஒரு குழந்தைக்கு அப்படி வரலாம்."

"அப்ப ப்ரசன்னாவுக்கு?"

"அவனுக்கும் இதுவேதான் இருந்திருக்கும்னு டாக்டர் நினைக்கறாங்க. வாய்கிட்ட தோல், முடி, வலிப்பு, ரத்தத்துல ஆசிட். எல்லாம் பொருந்துது."

அம்பிகா மடியிலிருந்த பிள்ளையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், வசம்பு வச்சா இது வருமா?"

"வசம்பு குழந்தைக்குத் தராம இருக்கறதுதான் நல்லது. ஆனா..."

"நல்லதா இல்லையான்னு கேக்கல. இது வருமா?"

"வராது. உங்க வயித்துல உண்டானப்பவே இருந்தது இது."

"தினமும் வச்சா?"

"தினமும் வச்சாலும் வராது அம்பிகா."

 பிறகு அம்பிகா, "அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டாள். "முதல் குழந்தை இதாலதான் செத்துச்சு, வசம்பால இல்லன்னு."

மஹாலட்சுமி பேனாவைக் கீழே வைத்தாள். "முதல் குழந்தையோட ரத்தம் நம்மகிட்ட இல்லையே. டெஸ்ட் பண்ணாம உறுதியா எழுத முடியாது. இருந்திருக்கலாம்னு வேணா..."

"அன்னிக்கு எந்த டெஸ்ட் பண்ணி எழுதுனாங்க?" அம்பிகாவின் குரல் உயர்ந்தது. அடுத்த மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொந்தக்காரி வேர் குடுத்தான்னு நான் வாயால சொன்னத எழுதிக்கிட்டாங்களே. அதுக்கு ரத்தம் வேணாமா?"

மஹாலட்சுமி குடும்பம் வரைந்த தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். அம்மாவோடு வேறு யாராவது கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கும் இந்த ஜீன் இருக்கலாம், சொல்லிவிடுவது நல்லது என்றாள். அம்பிகா தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு சித்தி இருக்காங்க. செல்வின்னு பேரு."

ஏன் முன்பே சொல்லவில்லை என்று மஹாலட்சுமி கேட்கவில்லை. குணாவின் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து பெயரை எழுதினாள்.

வீட்டுக்கு வந்து குணாவிடம் சொன்னபோது அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முதுகைக் காட்டியபடியே நின்றான்.

"வா மாமா, ரெண்டு பேரும் போயிட்டு வரலாம்."

"போயி?"

"சொல்ல வேணாமா?"

"எட்டு வருஷம் பேசாம இருந்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவச் சொல்ற? நீதான ஆட்டோவுல சொன்ன, டாக்டரே சொல்லிட்டார்னு. நீ போ."

அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அம்பிகாவால் முடியவில்லை. ஆனால் அவன் ஒரு வார்த்தையாவது அன்றைக்கே கேட்டிருக்கலாம், தன் அக்கா அப்படிச் செய்வாளா என்று. 

ஞாயிற்றுக்கிழமை திரிலோக்புரிக்குப் போய், அங்கங்கே விசாரித்து, மூன்றாவது சந்தில் வீட்டைக் கண்டுபிடித்தாள். செல்வி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முப்பத்தாறு வயசுக்கு முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

"யாருக்கு என்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல சித்தி."

"அப்புறம் எதுக்கு வந்த?"

அம்பிகா வாசலிலேயே கீழே உட்கார்ந்து சொன்னாள். தோல் சிவந்ததிலிருந்து, வலிப்பு, மாத்திரை, ஜீன், நாலில் ஒன்று என்பது வரைக்கும் சொன்னாள். ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். செல்வி அதை வாங்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் காம்புகளை முறத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"மெஷின் சொல்லிடுச்சா, நான் கொல்லலன்னு?"

"சித்தி..."

"எனக்கு மொதல்ல தெரியும்டி, நான் ஒண்ணும் பண்ணலன்னு. ஒரு ஆறு மாசம் தெரியும். அப்புறம் இத்தினி பேரு சொல்றாங்களே, பொய்யாவா இருக்கும்னு ஆயிடுச்சு. சரியா சுடலயோ, அளவு மிஞ்சிடுச்சோன்னு ஆயிடுச்சு. அடுத்த வருஷம் எனக்கு நின்னுச்சு. தெரியுமா உனக்கு?"

அம்பிகாவுக்குத் தெரியாது.

"கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சு வயித்துல நின்னுச்சு. உங்க சித்தப்பாகிட்டகூடச் சொல்லல. அது பொறந்து நான்தான குளுப்பாட்டணும். நான்தான தூக்கணும். என் கையில அதுவும் போயிடுச்சுன்னா? நானே ஆஸ்பத்திரிக்குப் போயி வேணாம்னு எடுத்துட்டு வந்தேன். பின்னாடி அந்தாளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் ஊருக்குப் போயி வேற ஒருத்திய கட்டிக்கிட்டான். நீங்கல்லாம் வசம்புக்காகப் போயிட்டான்னு நெனச்சிருப்பீங்க."

அவள் குரலில் அழுகை இல்லை. கடையில் விலை சொல்வது மாதிரி சொன்னாள். அம்பிகாதான் அழுதாள். காலைத் தொடப் போனாள். செல்வி காலை இழுத்துக்கொண்டாள்.

"தப்புதான் சித்தி. நான் பண்ணது மன்னிக்கிற தப்பு இல்ல. இந்தப் புள்ளைய ஒரு தடவை தூக்கு. உன் கையால தூக்கு."

மதுமதி அம்மாவின் தோளிலிருந்து திரும்பி, புது முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். செல்வியின் கை முறத்தின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தது.

"காது கேக்குமா?"

"கேக்காது."

"பாவம்" என்றாள் செல்வி. தூக்கவில்லை. "யாரு பாக்கறதுக்குடி நான் இப்பத் தூக்கணும்? அன்னிக்கு அந்தச் சந்துல நின்னு பாத்தவங்க எங்க? அந்தச் சந்தே இல்லையே. எல்லாரு முன்னாடியும் சொன்ன இல்ல? இப்ப எல்லாரையும் எங்கேர்ந்து கூட்டியாருவ?"

ஜீன் சோதனைக்கு ரத்தம் தருகிறாயா, செலவில்லை, மேடம் சொல்லச் சொன்னார்கள் என்று அம்பிகா கேட்டாள்.

"என் ரத்தம் எதுக்கு? எனக்கு யாரு இருக்கா பின்னாடி?" என்று செல்வி எழுந்து, கீரையோடு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் உள்ளே வா என்றும் சொல்லவில்லை. அம்பிகா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

எல்லாரையும் கூட்டி வர முடியாதுதான். நரேலாவில் இருப்பவர்களிடமாவது சொல்லலாம் என்று அம்பிகா முடிவு செய்தாள். மறுநாளே ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். "என் மொத புள்ள செத்தது எங்க சித்தியால இல்ல. எங்க ரத்தத்துலயே இருந்த வியாதி. நான்தான் தெரியாமப் பழி போட்டேன்" என்று ஒவ்வொரு கதவிலும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அது அவளுக்கு மனப்பாடமாயிற்று.

பலருக்கு அது எந்தச் செல்வி என்றே ஞாபகம் வரவில்லை. தண்ணீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, வேலைக்குப் போக மூன்று மணி நேரம் என்று அவர்களுக்கு அவர்கள் கவலை. சிலர் "அச்சா, அப்படியா" என்றார்கள். "போனது போச்சு, விடும்மா" என்றார்கள். கேம்பில் எதிர்வீட்டில் இருந்த சந்திரம்மாள் மட்டும் உட்கார வைத்து முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, "மெஷினு ஆயிரம் சொல்லட்டும். அவ அந்தப் புள்ள நாக்குல வச்சத நான் எங்கண்ணால பாத்தேன்" என்றாள். பக்கத்திலிருந்த தன் மருமகளைப் பார்த்து, யார் கையில் பிள்ளையைக் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று செல்வியின் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். மருமகள் புதிது. அதுவரை அவளுக்கு அந்தக் கதை தெரியாது.

அம்பிகா விடவில்லை. அடுத்த பிளாக்குக்குப் போனாள், அதற்கடுத்த பிளாக்குக்குப் போனாள். ஊரில் இருப்பவர்களுக்குப் போன் போட்டாள். காது கேட்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்பிகா பைத்தியமாகத் திரிகிறாள் என்று குணாவிடம் வந்து சொன்னார்கள். அவன் சத்தம் போட்டான். அவள் காதில் வாங்கவில்லை.

தீபாவளி கழிந்த வாரம், ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான்தான்" என்றாள் செல்வி.

அம்பிகா எழுந்து நின்றுவிட்டாள். "சித்தி! சாப்ட்டியா? எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன் சித்தி, ஒருத்தரு விடாம..."

"அதுக்குத்தான் போன் பண்ணேன். நிறுத்திடு."

"ஏன் சித்தி?"

"இங்க எங்க சந்துல ஒரு பொண்ணுக்கு நரேலாவுல சொந்தம் இருக்குதாம். நேத்து வந்து கேக்குறா, கேம்புல புள்ளைக்கு வேர் குடுத்த செல்வி நீதானான்னு. இத்தினி வருஷம் இங்க யாருக்கும் தெரியாது. நானும் யாருகிட்டயும் சொன்னதில்ல. பக்கத்து வீட்டுப் புள்ளைய ரெண்டு மாசமாத்தான், அவங்க வேலைக்குப் போறப்போ, சித்த நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"வியாதிதான்னு சொல்லிதான சித்தி நான்..."

"நீ என்னா சொன்னியோ. அவங்களுக்கு என் பேரும் புள்ள செத்ததும்தான் காதுல நிக்குது. இன்னிக்கு அந்தப் புள்ளைய எங்கிட்ட விடல."

அம்பிகா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். 

"எம் பேர எடுக்காத அம்பிகா. நல்லதுக்கும் எடுக்காத."

போன் வைக்கப்பட்டது. அம்பிகா அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தரையில் மதுமதி ஒரு டப்பா மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்காருகிற வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.